பனையில் கட்டிய கம்பியும் கேபிள் தந்த கரைச்சலும்

அமெச்சூர் வானொலிக்கு, அதாவது லைசன்ஸ் எடுத்து வீட்டிலிருந்தே மற்ற நிலையங்களோடு பேசுகிற பொழுதுபோக்குக்கு, கம்பி அன்ரெனா கட்டுவது பற்றித் தேடினால் எல்லா இடத்திலும் முதலில் கிடைப்பது நீளக் கணக்கு. 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அரை அலைக் கம்பியின் நீளம் மீற்றரில் வரும், 7.1க்கு 20 மீற்றரும் சொச்சமும். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. என்னைப் பல மாதம் அலைக்கழித்தது கேபிள் கம்பியைச் சந்திக்கிற ஒரு சாண் இடமும், அங்கிருந்து என் மேசைக்கு வருகிற கேபிளும். பக்கத்தில் நின்று, "தம்பி, இதைப் பார், அதை விடு" என்று சொல்லித்தர யாழ்ப்பாணத்தில் எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. எரிந்துபோன சாமான், குப்பைக்குப் போன கேபிள், கொழும்புப் பயணம் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாவுக்கு மேல் கையை விட்டுப் போயிற்று. இனிக் கட்டப்போகிறவருக்கு அந்தக் காசாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு வடமராட்சியில், இரவில் கடலிரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. வளவு நீளப்பாட்டுக்கு ஏறத்தாழ 25 மீற்றர். பின்வேலியோடு பனைகள், முன்னால் ஒழுங்கை, ஒழுங்கையோடு மின்சாரசபை லைன். எனக்கு வேண்டியிருந்தது 40, 20, 15, 10 மீற்றர் ஆகிய நாலு பாண்ட்களும், அதாவது 7, 14, 21, 28 மெகாஹேர்ட்ஸ் பக்கத்து அலைவரிசைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கம்பி கட்ட இடமும் இல்லை, அத்தனை கேபிளுக்குக் காசும் இல்லை. ஒரே கம்பி நாலிலும் வேலை செய்ய வேண்டும். எதையும் வாங்குவதற்கு முன் மின்சாரசபை லைனைப் பாருங்கள். கம்பி அறுந்தாலும், காற்றில் எறிபட்டாலும், கட்டும்போது கை நழுவினாலும் அந்த லைனைத் தொட வழி இருக்கவே கூடாது. லைனுக்கு மேலாலும் வேண்டாம், கீழாலும் வேண்டாம். அதனால் முன்பக்க மாமரத்தை மறந்துவிட்டு, வீட்டுக்கும் பின்வேலிப் பனைக்கும் இடையிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டேன்.

நடுவில் இரண்டாகப் பிரித்து அங்கே கேபிள் கொடுக்கிற சாதாரணக் கம்பி, அதாவது டைபோல், ஏன் நாலு பாண்டுக்கும் சரிவராது என்பதை முதலில் விளங்கிக்கொள்வது நல்லது, பிறகு வருகிற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 40 மீற்றருக்கு வெட்டிய 20 மீற்றர்க் கம்பியின் நடுவில் மின்னோட்டம் அதிகம், மின்னழுத்தம் குறைவு. ஐம்பது, எழுபது ஓம் அளவில் கேபிளோடு ஒத்துப்போகும். மூன்று மடங்கு அதிர்வெண்ணான 21 மெகாஹேர்ட்ஸிலும் நடுவில் மின்னோட்டம் உச்சத்தில் நிற்பதால் 15 மீற்றரும் கிடைக்கும். ஆனால் 14 மெகாஹேர்ட்ஸில் அதே கம்பி முழு அலை நீளம். நடுவில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை, சில ஆயிரம் ஓம் நிற்கும். கோஆக்ஸ் கேபிளை (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோகப் பின்னல்) அங்கே கொடுத்தால் சக்தி கேபிளுக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். இதைத் தாண்டத்தான் கம்பியை மூன்றில் ஒரு பங்கில் பிரித்து, ஒருபக்கம் 6.7, மறுபக்கம் 13.4 மீற்றர் விட்டு, அந்த இடத்தில் 4:1 பேலன் (கம்பியையும் கேபிளையும் ஒத்துப்போக வைக்கிற சுருள்) வைத்துக் கேபிள் கொடுக்கிற முறை. லோரன் விண்டம் 1929இல் எழுதிய மையம் விலகிய கம்பியின் வழிவந்தது இது. 40, 20, 10 மூன்றிலும் அந்த இடத்தில் சில நூறு ஓம் வரும். படங்கள் பெரிதாகச் சொல்லாத விஷயம், 15 மீற்றர் இதில் வராது. 21 மெகாஹேர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் மின்னோட்டம் அற்றுப்போகிற இடம். "பல பாண்ட்" என்று எழுதியிருந்தால் எந்தெந்தப் பாண்ட் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

இணையத்தில் ஒரு 4:1 பேலன் எடுப்பித்தேன், அனுப்புக்கூலியோடு 11,500 ரூபா. கம்பிக்கு வீட்டு வயரிங் செய்கிற ஏழு இழைச் செப்புக் கம்பி, 7/0.67, பிளாஸ்ரிக் உறையோடு. இதற்கு விசேஷ அன்ரெனாக் கம்பி தேவையே இல்லை, நகரத்தில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் சுருளாகக் கிடைக்கும். உறை இருப்பதால் கணக்கில் வருகிற நீளத்தைவிடச் சில சதவீதம் குறைவாகவே போதும், உப்புக்காற்றில் செப்பு பச்சை பிடிப்பதும் மெதுவாகும். காப்பானுக்கு பீ.வீ.சீ. பைப் துண்டு. பனையில் ஏற எங்கள் பக்கம் கள்ளுச் சீவுகிற ஒரு அண்ணையைக் கேட்டேன். அவர் தளைநாரைப் போட்டு ஏறி, வட்டுக்குக் கீழே கயிற்றைச் சுற்றிக் கப்பியைக் கட்டிவிட்டு இறங்க ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூடப் பிடிக்கவில்லை. கல்லில் தங்கூசி கட்டி எறிந்து மேலே ஏற்றுவது தென்னைக்கும் மாமரத்துக்கும் சரி. பனைக்கு ஆள் ஏறுவதே உத்தமம். அவர் கேட்கிற கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். பனையில் ஆணி அடிக்க வேண்டாம் என்று அவரே சொன்னார், நானும் அதைத்தான் சொல்கிறேன்.

கம்பி ஏறிய அன்றே பக்கத்து வளவு ஐயா வேலியடிக்கு வந்துவிட்டார். "தம்பி, உது என்ன கம்பி? ஆரும் வந்து கேட்டால் என்ன சொல்லுவாய்?" அவர் குரலில் இருந்த பயம் எனக்கு நன்றாக விளங்கியது. எங்கள் ஊரில் வானொலி, கம்பி, தொடர்பு என்ற சொற்களுக்குப் பின்னால் முப்பது வருஷக் கதை இருக்கிறது. உள்ளே கூப்பிட்டு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தந்த லைசன்ஸைக் காட்டினேன். அது இல்லாமல் இந்த நாட்டில் ஒலிபரப்பும் கருவியைத் தொடவே கூடாது என்பதையும் சொன்னேன். 2004 சுனாமியில் தெற்கில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, மூத்த அமெச்சூர் வானொலிக்காரர் விக்டர் குணதிலக்க ஒழுங்குசெய்ய, அம்பாந்தோட்டைக்குப் போன ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்களை அப்படித்தான் சொல்வது) சிற்றலையில் கொழும்போடு தொடர்பு வைத்த கதையைச் சொன்னேன். எங்கள் வடமராட்சி கிழக்கும் அதே அலையில் அழிந்ததுதானே, அவருக்கு அது உறைத்தது. பிறகு அவரே தொடங்கினார்: தொண்ணூறுகளில் பற்றரிக்குத் தடை, மின்சாரம் இல்லை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையும் வெரித்தாஸ் வானொலியும் கேட்ட காலம். தலையணியை அவருக்குக் கொடுத்து 40 மீற்றரைத் திருப்பிக் காட்டினேன். அதற்குப் பிறகு ஒழுங்கையில் யார் கேட்டாலும் எனக்காகக் கதைப்பவர் அவர்தான். கம்பி ஏறுமுன் சுற்றிவர உள்ள நாலு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிடுவது, லைசன்ஸின் பிரதி ஒன்றை மேசை லாச்சிக்குள் வைத்திருப்பது, இரண்டுக்கும் ஒரு சதம் செலவில்லை.

அன்றிரவு எஸ்.டபிள்யூ.ஆர். பார்த்தேன். அனுப்பிய சக்தி அன்ரெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுகிற அளவு அது, 1க்குக் கிட்ட நின்றால் நல்லது. 40இல் 1.5, 20இல் 1.6, 10இல் 1.4. சந்தோஷம் தாங்கவில்லை. கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும், அடுத்த கிழமையும் அப்படித்தான். எனக்கு நன்றாகக் கேட்கிற தமிழ்நாட்டு நிலையங்கள்கூட என்னைக் கேட்காதவர்கள் போலப் போய்க்கொண்டிருந்தன. மீற்றர் எல்லாம் சரி என்கிறது, வானமோ திருப்பிப் பேசவில்லை. மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்று சுட்டது. 20 மீற்றரில் பேசினால் மடிக்கணினி தானாக உறைந்து போனது. பின்வளவு மாமி ஒருநாள் வந்து, "மோனை, எங்கட ரீவிக்குள்ள நீ கதைக்கிறாய்" என்று சொன்னபோது எனக்கு உடம்பு கூசியது. அன்று கருவியை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பரீட்சைக்குப் படித்தது, லைசன்ஸுக்கு அலைந்தது, வெளிநாட்டு மச்சான் அனுப்பிய காசு எல்லாம் வீண் என்றே நினைத்தேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரும்ப எடுக்க வைத்தது நானோ வி.என்.ஏ. என்ற, கேபிளையும் அன்ரெனாவையும் அளக்கிற சின்னக் கருவி. 24,000 ரூபா கொடுத்து எடுப்பித்தேன். இந்தக் கதையில் உண்மையாகப் பயன்பட்ட காசு அது. யாராவது புதிதாகத் தொடங்குவதென்றால் பெரிய ரேடியோவுக்கு முன்னமே இதை வாங்குங்கள் என்பேன். முதலில் கேபிளைச் சோதித்தேன். மறுமுனையை ஒன்றிலும் கொழுவாமல் திறந்து விட்டு, இந்த முனையில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது. நல்ல கேபிள் என்றால் அனுப்பியதில் பெரும்பகுதி திரும்பி வரும். எனக்கு 28 மெகாஹேர்ட்ஸில் 9 டெசிபெல் குறைந்து வந்தது. அது போய் வந்த கணக்கு, ஒருவழிக்கு அதில் பாதி, 4.5 டெசிபெல். அதாவது நான் அனுப்புகிற சக்தியில் மூன்றில் ஒரு பங்கும் கொஞ்சமும்தான் அன்ரெனாவுக்கே போகிறது. "ஆர்.ஜி. 58" என்று சொல்லித் தந்த கேபிளின் உறையை நீளத்துக்குக் கீறிப் பார்த்தால், உள்ளே ஐதாகப் பின்னிய அலுமினியம். ஈயம் ஒட்டவே ஒட்டாது. கொனெக்டருக்குள் சும்மா நெரிபட்டு நின்றிருக்கிறது. ஒழுங்கான ஆர்.ஜி. 58கூட 30 மீற்றருக்கு 28 மெகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ 2.5 டெசிபெல் தின்னும்; இது 25 மீற்றரிலேயே அதைவிட மோசம்.

இதைவிடப் பெரிய விஷயம், கெட்ட கேபிள் எஸ்.டபிள்யூ.ஆரை அழகாக்கிக் காட்டும். கம்பியடியில் 5க்கு 1 என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து திரும்பி வருகிற அலை இந்தக் கேபிளில் போகும்போதும் குறைந்து, வரும்போதும் குறைந்து, மேசையில் உள்ள மீற்றருக்கு 1.6 என்றுதான் தெரியும். எனக்குக் கிடைத்த அந்த அழகான இலக்கங்கள் எல்லாம் இப்படி வந்தவை. தண்ணீர் ஊறிய கேபிளும் இதையே செய்யும். ஆகவே மேசையில் எஸ்.டபிள்யூ.ஆர். நல்லாயிருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வரவேண்டாம். முடிந்தால் கம்பியடியில் அளந்து பாருங்கள். கேபிள் வாங்கும்போது ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, பின்னலைக் கத்தியால் சுரண்டிச் செப்பு தெரிகிறதா, ஈயம் பிடிக்கிறதா, நடுக்கம்பியில் காந்தம் ஒட்டாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சுருளை எடுங்கள். துண்டு தர மாட்டோம் என்கிற கடையில் வாங்கத் தேவையில்லை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஏறி இறங்கி, ஈயம் பூசிய செப்புப் பின்னல் உள்ளதைக் கண்ணால் பார்த்து வாங்கிக்கொண்டு ரயிலில் வந்தேன்.

அடுத்தது பேலன். பெட்டியை உடைத்தேன். உள்ளே கணினி மின்வழங்கியில் வருகிற, ஒரு பக்கம் வெள்ளை பூசிய மஞ்சள் வளையம். அது இரும்புத்தூள் வளையம். இந்த வேலைக்கு வேண்டியது ஃபெரைட் என்ற கறுஞ்சாம்பல் நிறக் காந்தப் பொருள். பார்வையில் பிடிபடாவிட்டாலும் அளந்தால் பிடிபடும். 43 ரக ஃபெரைட்டில் இரண்டரை அங்குலத்துக்குக் கிட்ட விட்டமுள்ள எஃப்.டி. 240 வளையத்தில் 10 சுற்றுச் சுற்றினால் 100 மைக்ரோ ஹென்றிக்கு மேல் காட்டும். அந்த மஞ்சள் ரக வளையம் அதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கும். சுற்றிய முறையும் அழுத்தத்தை மட்டும் மாற்றுகிற முறை. மின்னோட்டத்தைச் சமப்படுத்துகிற முறை அல்ல. 11,500 ரூபா அங்கே முடிந்தது. விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை.

அந்தச் சமப்படுத்தல் ஏன் வேண்டும் என்பதுதான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம், பொறுமையாக வாசியுங்கள். கோஆக்ஸ் கேபிளுக்குள் இரண்டு பாதைகள் என்று நாம் நினைக்கிறோம்: நடுக்கம்பியும் பின்னலும். வானொலி அதிர்வெண்ணில் மின்னோட்டம் உலோகத்தின் தோலில் மட்டும் ஓடும். அதனால் பின்னலின் உட்தோல் ஒரு பாதை, வெளித்தோல் இன்னொரு பாதை. மொத்தம் மூன்று. நடுக்கம்பியும் உட்தோலும் சமமாக, எதிரெதிராக ஓடும்வரை கேபிள் வெளியே ஒன்றும் விடாது. கம்பியடியில் ஒருபக்கம் 6.7, மறுபக்கம் 13.4 என்று சமனில்லாமல் இருந்தால், மிஞ்சுகிற மின்னோட்டம் வெளித்தோல் வழியாக இறங்கி வீட்டுக்குள் வரும். அப்போது கேபிளும் அன்ரெனாவின் ஒரு துண்டு ஆகிவிடுகிறது. என் உதட்டைச் சுட்டது அது. கணினியை உறையவைத்தது அது. மாமியின் ரீவிக்குள் கதைத்ததும் அதுதான். வீட்டு மின்சார வயர்களில் ஓடுகிற எல்இடி பல்ப், சார்ஜர் இரைச்சல் அதே பாதையில் மேலே ஏறி ரேடியோவின் காதுக்குள் போவதால், கேட்பதும் கெடும்.

உங்களுக்கும் இந்தக் கரைச்சல் இருக்கிறதா என்று பார்க்கக் கருவிகூடத் தேவையில்லை. ரேடியோவின் உலோக உடலையோ கேபிளையோ கையால் பிடித்தால் எஸ்.டபிள்யூ.ஆர். மாறுகிறதா? ஒரு மீற்றர் கேபிள் கூட்டினால் மாறுகிறதா? மாறினால் வெளித்தோலில் மின்னோட்டம் இருக்கிறது. மருந்து சோக். ரியூப் லைற் சோக் இல்லை, அதே கோஆக்ஸை ஃபெரைட் வளையத்துக்குள் பத்துப் பன்னிரண்டு தரம் சுற்றி எடுப்பது. உள்ளே ஓடுவதை அது தொடாது, வெளித்தோலில் ஓடுவதை மறித்துவிடும். ஒரு சோக் போட்ட அன்றிரவு 40 மீற்றரில் இரைச்சல் ஊசி எஸ் 8இலிருந்து எஸ் 5க்கு இறங்கியது. அந்த நிசப்தத்துக்குள் இதுவரை எனக்குக் கேட்டேயிராத குரல்கள் கேட்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஃபெரைட் வளையங்களை கனடாவில் இருக்கிற மச்சான் ஊருக்கு வந்தவர் ஒருவரின் கையில் கொடுத்துவிட்டார். பெயர் தெரியாத வளையத்தை மலிவாக வாங்குவதைவிட இப்படி ஒருவரிடம் சொல்லி, நம்பிக்கையான தயாரிப்பை எடுப்பித்தால் மன நிம்மதி.

சோக்கும், ஃபெரைட்டில் திரும்பச் சுற்றிய பேலனும், நல்ல கேபிளுமாக விண்டம் கம்பி ஓடத் தொடங்கிய வருஷம் வாடைக்காற்று வந்தது. கேபிள் கொடுக்கிற இடம் நடுவானத்தில் தொங்குகிறதல்லவா, பேலன் பெட்டி, சோக், கேபிள் எல்லாவற்றின் பாரமும் அந்த ஒரு புள்ளியில். இரவு முழுக்க ஊஞ்சலாடி இணைப்புத் தேய்ந்து அறுந்தது. இறக்கிப் பார்த்தால், கட்டிச் சில மாதம்கூட ஆகாத முடிச்சுக்குள் செப்பு பச்சையாக இருந்தது. கடற்கரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, கேபிள் கொடுக்கிற இடம் உங்கள் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கட்டும். 15 மீற்றரும் இல்லாமல், பெட்டியும் எட்டாத உயரத்தில் இருக்கும் ஒன்றைத் திரும்பக் கட்ட எனக்கு மனமில்லை. ஏணிக் கம்பி எனப்படும் இரட்டைக் கம்பியையும், ட்யூனர் என்ற பொருத்தும் கருவியையும் போடலாம், இழப்பு மிகக் குறைவு. ஆனால் அதை இரும்புக் கிராதிக்குப் பக்கத்தால் உள்ளே எடுப்பது எங்கள் வீட்டு அமைப்பில் நடக்கிற காரியமில்லை.

ஆகவே முனையில் ஊட்டுகிற அரை அலைக் கம்பிக்கு மாறினேன். அதன் அழகு என்னவென்றால், கம்பியின் முனையில் எந்தப் பாண்டிலும் அழுத்தம் உச்சம்தான். 7, 14, 21, 28 நாலிலும் முனையில் ஏறத்தாழ 2,500 ஓம் நிற்கும். 49:1 ட்ரான்ஸ்போமர் ஒன்று அதை 50 ஓமுக்கு இறக்கிவிடும். எஃப்.டி. 240-43 வளையம் ஒன்று, முதற்சுற்று 2, மொத்தச் சுற்று 14, உள்வரும் பக்கத்துக்குக் குறுக்காக உயர் அழுத்தம் தாங்கும் 100 பிகோ ஃபராட் கொள்ளளவி. இது 10 மீற்றரைச் சரிக்கட்டத்தான், இதை விட்டுவிட்டால் மேல் பாண்ட் கெட்டுப்போகும். கம்பியில் கொழுவுமுன் மேசையில் சோதியுங்கள். 2,200 ஓம், 240 ஓம் தடைகள் இரண்டையும் தொடராக வெளிப்பக்கத்தில் வைத்து, 7 முதல் 29 மெகாஹேர்ட்ஸ் வரை எஸ்.டபிள்யூ.ஆர். ஓட்டிப் பாருங்கள். கம்பிச்சுருள் தடை வேண்டாம், சாதாரணச் சிறிய தடையே போதும். முழுக்க 2க்குள் நின்றால் சந்தோஷமாகப் பெட்டிக்குள் வையுங்கள். நீண்ட நேரம் அனுப்பும்போது எஸ்.டபிள்யூ.ஆர். மெல்ல மெல்ல ஏறினால் வளையம் சூடேறுகிறது என்று அர்த்தம். எஃப்.டி. 8 என்ற, கணினி வழியாகச் செய்தி அனுப்புகிற முறை ஒவ்வொரு தரமும் 12.64 வினாடி இடைவிடாமல் முழுச் சக்தியில் ஓடும், பேச்சைப் போல இல்லை. ஒரு வளையத்தோடு அதில் நான் 30 வாட்டுக்கு மேல் போவதில்லை. எங்கள் வெயிலில் கறுப்புப் பெட்டி வேண்டாம், வெள்ளைப் பெட்டியை நிழல் விழுகிற சுவரில் பூட்டுங்கள்.

"முனையில் ஊட்டுகிற கம்பிக்கு எதிர்க்கம்பி வேண்டாம்" என்று பலரும் எழுதுகிறார்கள். மின்னோட்டம் திரும்ப ஒரு வழி வேண்டும். நீங்கள் கொடுக்காவிட்டால் கேபிளின் வெளித்தோலை அது தானே எடுத்துக்கொள்ளும், திரும்ப உதடு சுடும். ட்ரான்ஸ்போமரின் நிலப்பக்கத்தில் இரண்டு மீற்றர்க் கம்பி ஒன்று கொழுவி, பெட்டியை விட்டு வெளிவருகிற கேபிளில் உடனேயே சோக் போட்டேன். அலை நீளத்தில் இருபதில் ஒரு பங்கு, 40 மீற்றர் பாண்டுக்கு அந்த நீளம் போதும். ரேடியோவுக்குக் கிட்ட இன்னொரு சோக். மாமியின் ரீவியில் பிறகு நான் ஒருநாளும் கதைக்கவில்லை.

நீளத்தைச் சரிக்கட்டும்போது வெட்டாதீர்கள், மடியுங்கள். 20.8 மீற்றரில் ஏற்றினேன், எஸ்.டபிள்யூ.ஆர். ஆகக் குறைகிற குறைவுப்புள்ளி 6.85 மெகாஹேர்ட்ஸில் வந்தது. 20.8ஐ 6.85ஆல் பெருக்கி 7.1ஆல் வகுத்தால் 20.07. முனையில் 70 சென்ரிமீற்றர் அளவுக்கு மடித்து அதே கம்பியோடு முறுக்கிவிட்டேன், சரியாக வந்தது. மேல் பாண்ட்களில் குறைவுப்புள்ளி சரியாக இரண்டு மடங்கு, நாலு மடங்கில் நிற்காமல் கொஞ்சம் மேலே தள்ளிப்போகும். அதனால் 40ஐ 7.05 பக்கமாக வைத்தால் 10 மீற்றருக்கும் நல்லது. அலைவரிசைப் பங்கீட்டுக்கு உலகத்தை மூன்றாகப் பிரித்ததில் நாங்கள் மூன்றாம் பிராந்தியம், 40 மீற்றர் எங்களுக்கு 7.0 முதல் 7.2 வரைதான், இடம் சின்னது.

இப்போது கம்பி சுவரில் இரண்டு மீற்றர் உயரத்தில் தொடங்கிச் சரிவாக ஏறிப் பனையில் முடிகிறது. பனை ஆடும், அதை நிறுத்த முடியாது. கயிற்றைப் பனையில் இறுக்கிக் கட்டினால் சோளகம் ஒருநாளில் அறுத்துவிடும். கப்பியூடாகக் கயிற்றை விட்டு, மறுமுனையில் மண் நிரப்பிய பெயின்ற் வாளியைத் தொங்கவிட்டிருக்கிறேன். பனை ஆட வாளி ஏறி இறங்கும், கம்பிக்கு ஒரே இழுவை. வாளிக்குக் கீழே பிள்ளைகள் விளையாடாத இடமாகப் பாருங்கள். கடையில் விற்கிற நீல நைலோன் கயிறு வெயிலில் பொடியாகும். பருத்தித்துறைப் பக்கம் தொழிலுக்குப் போகிறவர்கள் எந்தக் கயிறு பாவிக்கிறார்கள் என்று கேட்டு அதை வாங்குங்கள், அவர்களைவிட உப்பையும் வெயிலையும் அறிந்தவர்கள் இல்லை. காவோலை தொங்குகிற பனையைத் தெரிவுசெய்தால் அதை முதலில் வெட்டுவியுங்கள், விழும்போது கம்பியையும் கொண்டுதான் விழும். இணைப்புகளை ஈயம் வைத்து, தன்னில் தானே ஒட்டுகிற ரப்பர் ரேப்பால் சுற்றி, பெட்டியின் அடியில் ஒரு சின்னத் துளை விடுங்கள். தண்ணீர் எப்படியும் உள்ளே போகும், வெளியேற வழி இருக்க வேண்டும்.

40 மீற்றரில் பகலில் கொழும்பும் சென்னையும் நன்றாக வருகின்றன. இரண்டும் எங்களுக்கு நேர்கோட்டில் முந்நூறு, நானூறு கிலோமீற்றர் கணக்கு. அந்தத் தூரத்துக்கு அலை மேலே எழுந்து திரும்பி விழவேண்டியிருப்பதால் கம்பி தாழ்வாக இருப்பதே நல்லது, பெரிய கோபுரம் தேவையில்லை. மேல் பாண்ட்களுக்கு நாங்கள் இருக்கிற இடம் ஒரு கொடை. பூமியின் காந்த நடுக்கோடு எங்களுக்குக் கிட்டவாகத்தான் போகிறது. 1963இல் கேரளத்துத் தும்பாவில் ரொக்கெட் ஏவுதளத்தை வைத்ததற்கும் அதுவே காரணம். பின்னேரங்களில் 10 மீற்றர் திடீரென்று திறந்து தூரத்துக் குரல்கள் வந்து விழும்போது, வீட்டு வயரிங் கம்பியும் ஒரு வளையமும்தான் இதைச் செய்கின்றன என்று எனக்கு இன்னும் வியப்பு.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்து இடி மின்னலுக்கு மட்டும் ஒரு சலுகையும் கொடுக்காதீர்கள். முழங்கும்வரை காத்திருக்க வேண்டாம், கேபிளைக் கழற்றி, முனையை வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். மேசையில் கழற்றி வைப்பது போதாது. சுண்ணக்கல்லும் மணலும் உள்ள எங்கள் நிலத்தில் நிலக்கம்பி ஒன்றை அடித்துவிட்டு அதை முழுக்க நம்பவும் முடியாது. நான் பாவிக்காத நேரமெல்லாம் கேபிள் வெளியேதான் கிடக்கும்.

வடமராட்சியிலோ வலிகாமத்திலோ யாராவது இதைத் தொடங்குவதாக இருந்தால், என் நானோ வி.என்.ஏ.யோடு வந்து ஒரு பகல் முழுக்க உங்கள் வளவில் நிற்க நான் தயார். மிஞ்சிய ஃபெரைட் வளையம் ஒன்றும் லாச்சிக்குள் கிடக்கிறது, முதலில் கேட்பவருக்கு அது.